ஓசையின் இருப்பிடம்

நுழையும்முன்

கதவு கிறீச்சிடுகிறது, வெண்கல மணி கணீரென ஒலிக்கிறது, கல் ஏற்றிய வண்டி கடகடவென ஓடுகிறது. ஒவ்வோர் ஓசைக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. பேச்சில் நாம் இவற்றை எண்ணிப் பாராமலே பயன்படுத்திவிடுகிறோம். ஓர் ஓசைக்குச் சரியான சொல்லைக் கண்டறிவது சில வேளைகளில் பெரிய செலவையும் பெரிய இடரையும் தவிர்க்க உதவும். அத்தகைய தேடல் ஒன்றை இப்பாடம் கூறுகிறது.

வேகத்தடையில் ஓர் ஓசை

கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஊரிகத்தில் வாழும் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் என ஐவர் அவ்வீட்டில் இருக்கின்றனர். தாத்தா சுரங்கத்தொழிலாளராக இருந்தவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. அப்போது கைக்கு வந்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு அவர் பழைய மாருதி 800 கார் ஒன்றை வாங்கினார். அன்றுமுதல் அந்தக் கார் வீட்டில் ஓர் உறுப்பினர் போலவே இருந்துவருகிறது. அப்பாவின் திருமணத்திற்கு மணமகனை ஏற்றிச் சென்றதும் அதுதான்; மகள் பிறந்தபோது மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்ததும் அதுதான்.

அந்தக் காரின் முன்பகுதியிலிருந்து ஒருநாள் 'டொக்' என்று ஓர் ஓசை வந்தது. சிறு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது வந்தது. சமதளச் சாலையில் வரவில்லை. முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. பழைய வண்டி என்றால் நாலு சத்தம் இருக்கத்தானே செய்யும் என்றார் அப்பா. ஆனால் தாத்தாவுக்கு அதில் உடன்பாடில்லை. "பழைய சத்தம் என்றால் நமக்குப் பழகியிருக்கும். இது புதிய சத்தம்" என்றார் அவர்.

அவர் கவலைக்குக் காரணம் இருந்தது. மாதத்திற்கு ஒருமுறை பாட்டியை மருத்துவத்திற்காக வேலூருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பேத்தமங்கலம், வி.கோட்டா வழியாகச் சென்று பேரணாம்பட்டை நோக்கி மலைப்பாதையில் இறங்க வேண்டும். வளைவுகள் நிறைந்த அந்த இறக்கத்தில் முன்சக்கரத்தைத் தாங்கும் இணைப்பு ஒன்று கழன்றுவிட்டால் என்னாகும்? காரின் அடிப்பகுதியில் 'பால் ஜாயிண்ட்' எனப்படும் குமிழ் இணைப்பு உண்டு. அது முற்றிலும் தேய்ந்து பிடிவிட்டால், சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும். 'டொக்' என்னும் ஓசை அதன் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்; வெறும் ரப்பர்த் துண்டு தேய்ந்ததாகவும் இருக்கலாம். ஓசையை மட்டும் கேட்டு இரண்டையும் பிரித்தறிய இயலாது.

நோயைச் சொல்வதும் குறியைச் சொல்வதும்

அப்பா காரைப் பணிமனை ஒன்றுக்கு எடுத்துச் சென்றார். "முன்பக்கம் ஷாக் போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்" என்றார். அவர்களும் மாற்றிக் கொடுத்தனர். வீட்டின் ஒரு மாத மளிகைச் செலவை விஞ்சிய தொகை அதற்குச் செலவாயிற்று. திரும்பி வரும் வழியில், முதல் வேகத்தடையிலேயே 'டொக்' என்றது கார்.

இங்கே தவறு யாருடையது? பணிமனைக்காரரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. மருத்துவரிடம் செல்பவர் "எனக்கு இன்ன நோய், இன்ன மருந்து கொடுங்கள்" என்று கேட்பதில்லை. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்பதையே கூறுகிறார். அப்பா காரின் குறியைச் சொல்லாமல் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். அதுவும் தாமாகவே சூட்டிய பெயர். கேட்டவரும் சோதித்துப் பாராமல் அதையே ஏற்றுக்கொண்டார்.

ஷாக் அப்சார்பரைச் சோதிப்பது கடினமன்று. நிற்கும் காரின் ஒரு மூலையைக் கையால் பலமாக அழுத்திவிட்டு விட வேண்டும். ஒருமுறை எழும்பி அடங்கினால் பெரும்பாலும் பழுதில்லை எனக் கொள்ளலாம். தொட்டில்போல் பலமுறை ஆடினால் அது தளர்ந்துவிட்டது என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்ய அரை நிமிடம் போதும். யாரும் செய்யவில்லை.

இரண்டாவதாகச் சென்ற இடத்தில், ஸ்டீயரிங் அமைப்பையே மாற்ற வேண்டும் என்றனர். அதற்கான தொகையைக் கேட்டதும் அப்பா காரை வீட்டுக்கே ஓட்டிவந்து நிறுத்திவிட்டார். விற்றுவிடலாமா என்ற பேச்சு அன்றிரவு வீட்டில் எழுந்தது. பாட்டி மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே சென்றார்.

வில்வண்டியும் மாருதியும்

தேடலைத் தொடரும்முன் காரின் அடியில் உள்ளவற்றைச் சிறிது அறிந்துகொள்வோம்.

சாலையின் மேடுபள்ளங்கள் பயணிகளை உலுக்காதவாறு சக்கரத்துக்கும் உடற்பகுதிக்கும் இடையே அமைந்திருப்பது சஸ்பென்ஷன் எனப்படும் அதிர்வுதாங்கும் அமைப்பு. இது கார்களோடு பிறந்த ஒன்றன்று. முன்னாளில் வசதி படைத்தோர் ஏறிச்சென்ற வில்வண்டியை நினைத்துப் பாருங்கள். சாதாரணக் கட்டைவண்டியில் அச்சின்மேல் நேராகவே வண்டி அமர்ந்திருக்கும். வில்வண்டியிலோ வளைந்த எஃகுப் பட்டைகளின்மேல் அமர்ந்திருக்கும். அந்த வில்லே வண்டிக்குப் பெயரையும் தந்தது. அம்பு எய்யும் வில்லைக் குறித்த சொல், வளைந்து மீளும் எஃகையும் குறிக்கலாயிற்று. சுருளாக உள்ள ஸ்பிரிங்கை இன்றும் 'சுருள்வில்' என்று அறிவியல் நூல்கள் எழுதுகின்றன. அம்பாசடர் காரின் பின்பக்கத்தில் இருப்பது வில்வண்டியின் அதே பட்டைவில்தான். முன்பக்கத்தில் முறுக்கை ஏற்று மீளும் எஃகுத் தண்டு உள்ளது.

மாருதி 800இன் முன்பக்கம் வேறு வகை. ஏர்ல் மெக்ஃபர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1940களில் உருவாக்கிய ஸ்ட்ரட் முறை அதில் உள்ளது. சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும். தூணின் அடியில், சக்கரத்தையும் காரின் உடலையும் இணைக்கும் 'லோயர் ஆர்ம்' என்ற இரும்புக் கை. இந்தக் கை சக்கரம் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்கிறது. முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது யார்? அதற்குத் தனி உறுப்பு இந்தக் காரில் இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வளைந்து செல்லும் 'ஸ்டெபிலைசர் ராடு' என்ற தண்டே அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. வளைவுகளில் கார் ஒரு பக்கமாகச் சாய்வதைக் குறைப்பது அதன் முதல் வேலை. சக்கரம் முன்பின் ஆடாமல் பிடிப்பது இரண்டாம் வேலை. சிறிய காரில் ஓர் உறுப்பே இரண்டு பொறுப்புகளைச் சுமக்கிறது. சிக்கனமான அமைப்புதான், ஆனால் தேய்மானமும் இரட்டிப்பு.

இரும்பும் இரும்பும் சேரும் இடங்களிலெல்லாம் 'புஷ்' என்னும் ரப்பர் வளையம் உண்டு. அதிர்வை விழுங்குவது அதன் பணி. ஆண்டுகள் செல்லச்செல்ல ரப்பர் இறுகி, வெடித்து, துளை அகன்றுவிடும். அப்போது இரும்பு இரும்பைத் தட்டும்.

தாத்தாவின் காது

"சத்தம் எங்கிருந்து வருகிறது?" என்று தாத்தா கேட்டார். இடப்பக்கம் என்றார் அப்பா. பின்னிருக்கையில் அமர்ந்திருந்த அம்மா வலப்பக்கம் என்றார். தன் காலடியிலேயே கேட்பதாக மகள் கூறினாள். மூவரும் உண்மையையே கூறினர். மூவரும் ஏமாந்திருக்கவும் கூடும்.

காரணம் எளியது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். எஃகிலோ 5,000 மீட்டருக்கும் மேல் செல்லும். மாருதி போன்ற கார்களுக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்த முழு உடலே சட்டமாகவும் அமைகிறது. ஓர் இடத்தில் தட்டினால் அந்த அதிர்வு உடல் முழுவதும் பரவி, வேறோர் இடத்திலுள்ள அகன்ற தகடு வழியாக உரக்க வெளிப்படும். ஓசை கேட்கும் இடம் ஒன்று. பிறக்கும் இடம் வேறொன்று.

இதைத் தாத்தா பள்ளியில் கற்கவில்லை. பாறைக்கு அடியில் கற்றார். சுரங்கத்தில் வேலை தொடங்கும்முன் தலைக்குமேல் உள்ள பாறையை நீண்ட இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பது வழக்கம். உறுதியான பாறை 'கிண்' என்று ஒலிக்கும். உள்ளே பிளவுபட்டுத் தளர்ந்த பாறை 'பொத்' என்று மந்தமாக ஒலிக்கும். அந்தக் கல்லைப் பாதுகாப்பாக நின்று நெம்பித் தள்ளிய பிறகே கீழே நின்று வேலை செய்வர். இரண்டு ஓசைகளையும் பிரித்தறியும் காதுதான் அங்கே தலைக்கவசத்துக்கு அடுத்த காவல்.

தங்கவயலில் இன்னொரு வகை ஓசையும் இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கூடுதலான ஆழம் கொண்டது. அத்தகைய ஆழத்தில் அழுத்தம் தாங்காத பாறை திடீரென வெடித்துச் சிதறும். பாறைவெடிப்பு எனப்படும் அந்நிகழ்வில் உயிரிழந்தோர் பலர். பெரிய வெடிப்பு நிகழும்போது மேலே உள்ள வீடுகளும் அதிரும். நிலத்துக்கு மேலிருப்பவருக்கு அது எங்கே நிகழ்ந்தது என்று காதால் கூற முடியாது. ஆகவே பல இடங்களில் அதிர்வுணர் கருவிகளைப் பொருத்தினர். ஒரே அதிர்வு ஒவ்வொரு கருவியையும் வெவ்வேறு நேரத்தில் வந்தடையும். அந்த நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு வெடிப்பு நிகழ்ந்த இடத்தை அறிந்தனர். பாறைகளின் இயல்பை ஆராயும் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் தங்கவயலில் தொடங்கப்பட்டதும் இவ்வூரின் இத்தகைய பட்டறிவையொட்டியே எனலாம்.

காரில் அத்தகைய கருவிகளுக்கு இடமில்லை. "எங்கே என்று கேட்பதை விடுவோம், எப்போது என்று கேட்போம்" என்றார் தாத்தா. மகள் ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்துவந்தாள்.

குறிப்பேடு

முதலில் காரிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்தனர். ஜாக்கி, ஸ்பேனர்கள், தண்ணீர்ப் புட்டி, ஒரு குடை, என்றோ தொலைந்துபோனதாகக் கருதிய அம்மாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டி. பல நாள் தேடிய ஓசை, கழன்று உருளும் ஜாக்கியாக முடிந்த கதைகள் உண்டு. இங்கே அப்படி முடியவில்லை. வெறுங்காரும் 'டொக்' என்றது.

பின்னர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தனர். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று தெரியாமற்போகும். ஷாக் மாற்றிய நாளில் சக்கரச் சீரமைப்பையும் சேர்த்துச் செய்திருந்தார் அப்பா. தாத்தா அதைச் சுட்டிக்காட்டியபோது அவர் பதில் பேசவில்லை.

மகளின் குறிப்பேட்டில் இருந்தவை இவை. நின்ற நிலையில் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுமையாகத் திருப்பியபோது ஓசை இல்லை. ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ள தாங்கி பழுதாகியிருந்தால் அப்போதே ஏதேனும் கேட்டிருக்கும். இரு சக்கரமும் ஒன்றாக வேகத்தடையில் ஏறியபோது மெல்லிய ஓசை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கியபோது தெளிவான 'டொக்'. 'கடகட' எனத் தொடர்ந்து வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒற்றை ஓசையே. 'சளசள' என்றோ 'கிறீச்' என்றோ இல்லை.

கடைசிக் குறிப்பை அவள் தற்செயலாகவே எழுதினாள். வீட்டு வாயிலில் அப்பா மெதுவாகப் பிரேக்கை அழுத்தியபோது பள்ளமே இல்லாத தரையில் ஒரு 'டொக்' கேட்டது. பிரேக்கை விட்டு மீண்டும் நகர்த்தியபோது இன்னொரு 'டொக்'. அதன்பின் நேராக ஓடும்வரை அமைதி.

இதைப் படித்ததும் தாத்தா அவளை மீண்டும் வாசிக்கச் சொன்னார். பிரேக் போடும்போது சாலை சக்கரத்தைத் தடுக்கிறது. காரின் உடலோ முன்னேறத் துடிக்கிறது. ஆகவே உடலை நோக்கச் சக்கரம் பின்னே தள்ளப்படுகிறது. மாருதியில் எஞ்சின் முன்சக்கரங்களையே சுழற்றுவதால், நகரத் தொடங்கும்போது சக்கரம் முன்னே இழுக்கிறது. பின்னே ஒருமுறை, முன்னே ஒருமுறை. ஒவ்வொரு திசைமாற்றத்திற்கும் ஓர் ஓசை. எங்கோ ஓர் இணைப்பில் சக்கரம் முன்பின் ஆட இடம் கிடைத்திருக்கிறது. அந்த ஆட்டத்தைத் தடுக்க வேண்டியது எது என்பதை முன்பே பார்த்தோம். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் இறங்கும்போது முறுக்கப்படுவதும் அதே தண்டுதான்.

கண்ணால் காணுதல்

ஐயம் பிறந்துவிட்டது, ஆயினும் ஐயம் சான்றாகாது. ஆண்டர்சன்பேட்டையில் சிறு பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் காரைக் கொண்டுசென்றனர். இம்முறை அப்பா எந்த உறுப்பின் பெயரையும் கூறவில்லை. மகளே குறிப்பேட்டைப் பார்த்து வாசித்தாள். மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

அவர் முதலில் முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, இரும்புத் தாங்கிகளை அடியில் நிறுத்தினார். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் காருக்கு அடியில் தலையை நீட்டக்கூடாது. பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார். கம்பியால் அடியிலிருந்து நெம்பியும் பார்த்தார். பால் ஜாயிண்ட்டில் தளர்ச்சி இல்லை. பாட்டியின் பயணம் பற்றிய அச்சம் அங்கேயே பாதி விலகியது. இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தார். ஸ்டீயரிங் இணைப்புகளும் இறுக்கமாகவே இருந்தன.

முன்பு சென்ற இடங்களிலும் இவ்வளவுதான் பார்த்திருப்பார்கள். காரை உயர்த்தும்போது சக்கரங்கள் தொங்குகின்றன. இணைப்புகள் ஒரு பக்கமாக இழுபட்டு இறுகி நிற்கின்றன. தரையில் எடையோடு நிற்கும்போது உள்ள இடைவெளி அந்தரத்தில் மறைந்துவிடுகிறது. அதனால் பழுதுள்ள காரும் நல்ல காராகத் தோன்றும்.

எனவே அவர் காரைத் தரையில் இறக்கினார். எஞ்சினை நிறுத்தி, அப்பாவை உள்ளே அமர்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். இருவர் காரை முன்னும் பின்னும் தள்ளி ஆட்டினர். சக்கரம் உருளவில்லை, உடல் மட்டும் அசைந்தது. மெக்கானிக் பக்கவாட்டில் படுத்து டார்ச் ஒளியைப் பாய்ச்சினார். மகளும் எட்ட நின்று குனிந்து பார்த்தாள். இடப்பக்க லோயர் ஆர்மில் ஸ்டெபிலைசர் ராடு நுழையும் துளையில், தண்டு விரற்கடை அளவு முன்னே வந்து பின்னே சென்றது. ஒவ்வொரு முறையும் 'டொக்'.

கழற்றி எடுத்த புஷ் வட்டமாக இல்லை. முட்டை வடிவத்தில் இருந்தது. ஒரு பக்கம் ரப்பரே இல்லை. உள்ளங்கையில் அடங்கும் அந்தத் துண்டுக்காகவே ஷாக்குகள் மாற்றப்பட்டன; ஸ்டீயரிங் அமைப்பும் மாற்றப்பட இருந்தது.

இரு பக்கமும் புதிய புஷ்களைப் பொருத்தினார் மெக்கானிக். வேலைக்காகத் தளர்த்திய லோயர் ஆர்ம் போல்ட்டுகளை மட்டும் அவர் உடனே முழுமையாக முறுக்கவில்லை. காரைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரங்களில் இறங்கிய பின்னரே இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும் என்பது அவர் கூறிய காரணம். ஷாக்குகளுக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்குகூட இதற்கு ஆகவில்லை. கழற்றிய புஷ்ஷை மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது ராபர்ட்சன்பேட்டைச் சாலையில் வேண்டுமென்றே பள்ளம் பார்த்து ஓட்டினார் அப்பா. ஓசை இல்லை. தாத்தா கண்களை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். ஊரிகம் தொடர்வண்டி நிலையத்தைத் தாண்டும்போது பின்பக்கத்திலிருந்து மிக மெல்லியதாக ஒரு 'கிறீச்' கேட்டது. இதுவரை பெரிய ஓசைக்குள் மறைந்திருந்த சிறிய ஓசை. அப்பா பெருமூச்சு விட்டார். மகள் குறிப்பேட்டில் புதிய பக்கத்தைத் திருப்பி, நாளும் நேரமும் எழுதினாள்.

சொற்பொருள்

குறி - நோயின் அடையாளம்
பட்டறிவு - அனுபவம்
தேய்மானம் - உராய்வால் குறைதல்
மந்தமாக - கூர்மையின்றி
விரற்கடை - ஒரு விரலின் அகலம்
சான்று - ஆதாரம்

பயிற்சி

1. அப்பா முதல் பணிமனையில் கூறியதையும், மகள் பட்டறையில் வாசித்ததையும் ஒப்பிட்டு எழுதுக.
2. காரை உயர்த்திச் சோதித்தபோது பழுது தெரியாமற்போனது ஏன்?
3. பாடத்தில் வரும் இரட்டைக்கிளவிகளை எடுத்தெழுதி, ஒவ்வொன்றையும் சொந்தத் தொடரில் அமைக்க.
4. 'வில்' என்னும் சொல் முதல் உறுப்பாகவோ இறுதி உறுப்பாகவோ வரும் சொற்களைத் தொகுக்க.
5. உங்கள் வீட்டில் மின்விசிறி, மிதிவண்டி, கதவு ஆகிய ஒன்றில் எழும் ஓசையை மூன்று நாள் கவனித்து, அது எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவருக.